கை நடுங்கினால் மாத்திரையை நிறுத்தலாமா?
மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் கவனத்துக்கு

நெய்வேலியில் 1957-ஆம் ஆண்டு பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் அந்த ஊர் ஷிப்டு பார்த்து வாழ்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் சிலர் மணி பார்த்தே வாழவேண்டும். காரணம், மாத்திரை!

அப்படி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சிறுநீரகம் கெட்டது. மனைவி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். கணவர் பிழைத்தார். சில வருஷங்களில் அவர் கை நடுங்குகிறது. "வயதாகிவிட்டது" என்கிறார்கள் வீட்டில்.

அது மட்டும்தானா?

வளர்ந்த வைத்தியம்

1954-ல் அமெரிக்காவில் டாக்டர் ஜோசப் முர்ரே, இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். 1971-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் அந்த வெற்றி கிடைத்தது. 2008-ல் திருக்கழுக்குன்றம் சிறுவன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, பெற்றோர் அவன் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். நாடே உருகியது. உறுப்பு தந்தவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்று 2023-ல் தமிழக அரசு அறிவித்தது.

2013-ல் இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்று ஆபரேஷன்கள் 5,000-க்கும் குறைவு. 2023-லோ 18,000-க்கு மேல்!

உயிர் பிழைத்தவர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள். ஆகவே முதுமையின் நோய்களும் அவர்களைத் தேடி வருகின்றன. அவற்றில் ஒன்று பார்க்கின்சன் நோய்.

இரண்டு நடுக்கம்

மூளையில் 'டோபமின்' என்ற பொருள் குறைவதால் வருவது பார்க்கின்சன். பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கையில் தொடங்கும். கை மடியில் சும்மா இருக்கும்போதே நடுங்கும். நடை சுருங்கும். கையெழுத்து சிறுத்துப்போகும்.

இன்னொரு நடுக்கமும் உண்டு. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கும் 'டாக்ரோலிமஸ்' மாத்திரையே கையை நடுங்க வைக்கலாம். இது பெரும்பாலும் இரு கைகளிலும், தம்ளரைத் தூக்கும்போது தெரியும். டாக்டர் அளவைச் சரிசெய்தால் குறையக்கூடும்.

எது எந்த நடுக்கம் என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

ஆபத்து எங்கே?

"இந்த மாத்திரையால்தானே நடுக்கம்" என்று தானாக நிறுத்துவது முதல் ஆபத்து. நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடலாம். மனைவி கொடுத்த சிறுநீரகம் அல்லவா!

தோள் இறுகி வலிக்கிறது என்று கடையில் வலி மாத்திரை வாங்குவது இரண்டாவது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வாந்திக்குக் கொடுக்கும் 'மெட்டோகுளோபிரமைடு' நடுக்கத்தைக் கூட்டும். பூனைக்காலி விதைப் பொடியில் பார்க்கின்சன் மருந்தான 'லெவோடோபா' இயற்கையாகவே இருக்கிறது. டாக்டருக்குச் சொல்லாமல் அதைச் சாப்பிட்டால் அளவு மிஞ்சும்.

வழி என்ன?

ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூருக்கோ பண்ருட்டிக்கோ போகிறார். சிறுநீரக டாக்டர் ஓர் ஊரில். நரம்பு டாக்டர் வேறோர் ஊரில். சீட்டு இரண்டு, உடம்பு ஒன்று!

எல்லா மருந்தையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். இரு டாக்டர்களிடமும் அதைக் காட்டுங்கள். பார்க்கின்சன் மருந்துகளில் சில சிறுநீரகம் வழியே வெளியேறுபவை; அவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போடுவது நல்லது. பருப்பும் முட்டையும் அதன் வேலையைத் தடுக்கும்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உடற்பயிற்சி சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. கேட்டுப் பெறுங்கள்.

அரசுக்கும் ஒரு வேலை உண்டு. ஆபரேஷனுக்கு உதவுவதோடு கடமை முடியவில்லை. பிழைத்தவர் முதுமையை எட்டும்போது, இரு டாக்டர்களும் ஒரே நாளில், ஒரே இடத்தில் அவரைப் பார்க்க ஏற்பாடு வேண்டும்.

சிறுநீரகம் கொடுத்தவரே பல வீடுகளில் நோயாளியின் கையையும் பிடித்து நடக்கிறார். அந்தக் கைக்குத் துணை வேண்டாமா?