ஆலையும் வேண்டும், ஆறும் வேண்டும்!

காக்களூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரத்தோடு போராடும் தோழனுக்கும், எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் வளரும் இறால் குஞ்சுக்கும் என்ன உறவு என்று கேட்டால், சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! சிரித்து முடித்த பிறகு, சற்றே சிந்திக்கட்டும்!

தோழர்களே! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் சென்னை மிதந்தது. அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் கிளம்பிற்று. பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் புகுந்தது. படகைப் பற்றிற்று, வலையைப் பற்றிற்று, கரையோரக் குடிசையையும் பற்றிற்று. மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்து வந்ததே அது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லிற்று. பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரித்தது. அங்கே வாதம் நடந்தபோது, இங்கே மீனவத் தோழர்கள் வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள்!

அதே மாதம் 26ஆம் நாள் இரவு, அதே எண்ணூரில், உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. உறங்கிக் கிடந்த மக்கள், மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"இயற்கையின் சீற்றம்!" என்கிறார்கள். மழை இயற்கைதான், ஒப்புக்கொள்கிறோம். எண்ணெயுமா வானத்திலிருந்து பெய்தது?

கழிமுகம் என்றால் சேறு, நாற்றம், வீண்நிலம் என்று எண்ணுவோர் உண்டு. அந்தச் சேறு என்ன செய்கிறது தெரியுமா? ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அந்த இடத்திலே அலையாத்தி மரம் நிற்கிறது. சேற்றுக்கு மேலே மூச்சு வேரை நீட்டிக் காற்றை வாங்குகிறது. அதன் இலை உதிர்ந்து மக்கினால், புழுவுக்கும் நண்டுக்கும் உணவு. நண்டு வளை தோண்டினால் சேற்றுக்குள் காற்று புகும், மரம் செழிக்கும். கடலிலே பிறந்த இறால் குஞ்சு இங்கே வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். இறாலை மீன் தின்னும், மீனைக் கூழைக்கடா தின்னும், எஞ்சியது மீனவன் வலையில் விழும், சந்தைக்கு வரும், நம் வீட்டுச் சட்டியில் கொதிக்கும். இந்தச் சங்கிலியில் எண்ணெய் படிந்தால் எந்தக் கண்ணி தப்பும்? மூச்சு வேர் அடைபடும். மீனின் செவுள் அடைபடும். கூழைக்கடாவின் இறகிலே எண்ணெய் அப்பிக் கிடந்ததை அன்று நாடே பார்த்தது. கடைசியில் அடைபடுவது மீனவன் வீட்டு அடுப்பு!

இந்த உறவுமுறையை ஆராயும் அறிவியலுக்கு 1866ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல் பெயர் சூட்டினார். வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. தமிழனுக்கு இது புதுமையல்ல. நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் என்று சேர்த்தே எண்ணியது தொல்காப்பிய மரபு. தொழிலும் அந்தப் பட்டியலிலே உண்டு என்பதை மறவாதீர்கள்! உழைப்பவனை ஒதுக்கிவிட்டுப் பறவையை மட்டும் பார்ப்பதும் பிழை. பறவையை மறந்துவிட்டு இயந்திரத்தை மட்டும் பார்ப்பதும் பிழை.

"அது எண்ணூர்ச் செய்தி, நமக்கென்ன?" என்று காக்களூர்த் தோழன் கேட்கலாம். திருவள்ளூருக்கு அருகே, பூண்டியில், 1944இல் அணை கட்டித் தேக்கினோமே கொசஸ்தலையாறு, அதே ஆறு கடலில் சேருமிடம்தான் எண்ணூர்! மேலே உள்ளவன் விடுவது கீழே உள்ளவனைச் சேரும். ஏரி நிறைந்தால் கிணறு ஊறும். ஏரியில் நஞ்சு கலந்தால் கிணற்றிலும் அதுதான் ஊறும். ஆலைப் புகையை முதலில் சுவாசிப்பவன் யார்? முதலாளியா? அவர் வீடு தொலைவிலே! வாயிலுக்கு உள்ளே நிற்கும் தொழிலாளி முதலில். வாயிலுக்கு வெளியே குடியிருக்கும் அவன் மனைவி மக்கள் அடுத்து. 1984இல் போபாலிலே ஆயிரக்கணக்கில் மாண்டவர்கள் பெரும்பாலும் ஆலையை ஒட்டி வாழ்ந்த ஏழைகள்தானே? சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்று அரசியல் சட்டத்திலே 1976இல் எழுதினார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1986இல், பிணங்கள் விழுந்த பிறகு!

"கேள்வி கேட்டால் ஆலையை மூடிவிடுவார்களே, வேலை போய்விடுமே?" என்பது நியாயமான அச்சம். ஆனால் தோழா, மீனவனுக்குக் கழிமுகம்தான் ஆலை. அதற்குப் பூட்டுப் போட்டார்களே, அவனுக்கு முன்னறிவிப்புக் கொடுத்தது யார்? அவன் வேலை வேலையில்லையா? கழிவைச் சுத்திகரிக்கப் பணமில்லை என்று சொல்பவர், அந்தச் செலவை ஒழித்துவிடவில்லை. மீனவன் தலையிலும் நம் நுரையீரலிலும் ஏற்றிவிடுகிறார். கணக்கு அவர் ஏட்டில் இல்லை, நம் மருத்துவச் சீட்டில் இருக்கிறது!

ஆலையை மூடச் சொல்லவில்லை நாம். ஆலை இல்லாத நாடு அடுத்தவன் வாசலில் கையேந்தும். நாம் கேட்பது ஒன்றுதான். வாயிற்கூட்டத்திலே கூலியையும் போனசையும் கேட்கும் அதே மூச்சில், "கழிவு எங்கே போகிறது? பெருமழை வந்தால் தொட்டி நிரம்பி வழியாமல் தடுக்க என்ன ஏற்பாடு?" என்றும் கேளுங்கள். ஆலைக்குள்ளே குழாய் போகும் வழி, அதிகாரியைவிட உங்களுக்கே தெரியும். கேட்கத் தகுதியுள்ளவர் உங்களைவிட வேறு யார்?

வலை பிடிக்கும் கையும், இயந்திரம் இயக்கும் கையும் ஒரே உழைப்பாளியின் இரு கைகள். ஒன்றை வெட்டி மற்றொன்றை வாழவைக்கிறேன் என்பவரை நம்பாதீர்கள்!