இழிவு சிறப்பும்மையை நீக்குங்கள்

சென்ற வாரம் தில்லியில் ஓர் ஆய்வரங்கில் கட்டுரை வாசித்தேன். தேநீர் இடைவேளையில் தமிழறிந்த மூத்த பேராசிரியர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "நீங்களும் ஒலியியலில் ஆய்வு செய்கிறீர்களே! எங்களுக்கெல்லாம் வெட்கமாக இருக்கிறது" என்றார். பாராட்டவே சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த 'உம்' என் காதைவிட்டு அகலவில்லை.

நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறும். அவற்றுள் சிறப்பும்மையை உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு எனப் பகுப்பர். என்னை நோக்கிய 'நீங்களும்' இரண்டாம் வகை. 'இவரால் இயலாது' என்னும் முன்னனுமானம் இன்றி அந்த வாக்கியத்தில் வியப்புக்கே இடமில்லை.

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ழகரத்தை ஒலிக்கும்போது மூன்றாம் ஃபார்மண்ட் தாழ்கிறது. கண்ணுள்ளவர் அதை ஸ்பெக்ட்ரோகிராமில் ஒரு கரும்பட்டை கீழிறங்குவதாகக் காண்பர். என் திரைவாசிப்பானுக்கோ அது வாய்திறவாப் படம். எனவே பிராட் மென்பொருளில் நானே ஒரு நிரல் எழுதி, பத்து மில்லிநொடிக்கு ஒருமுறை அந்த அதிர்வெண்ணை எண்ணாகத் தரச் செய்தேன். பதினேழே வரிகள், எழுத மூன்று வாரம் ஆயிற்று. எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்துவருவதை என்.வி.டி.ஏ. வாசிக்கக் கேட்ட இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. ஆய்வு முன்னேற்ற அறிக்கையில் இதை எழுத ஒரு கட்டமும் இல்லை. ஆனால் அந்தப் பெருமையை நான் எவருக்கும் விட்டுத்தருவதாக இல்லை.

இதற்கு இரு திசையிலிருந்தும் எதிர்ப்பு வருகிறது.

முதலாவது, நிறுவனத்தின் குரல். படமாக ஸ்கேன் செய்யப்பட்ட இலக்கண நூல்களை ஒருங்குறி எழுத்தாக்கித் தருமாறு கேட்டேன். "நீங்கள்தாம் எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்கிறீர்களே" என்று விடை வந்தது. என் வெற்றியை எடுத்துத் தம் கடமைக்கு விடுப்புச் சீட்டாக்கிக்கொள்ளும் தந்திரம் இது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தக்க வசதியளிக்க மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. எழுத்தர் உதவி கோரிய தேர்வர் ஒருவரின் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. நான் மூன்று வாரம் உழைத்தேன் என்பது என் திறமைக்குச் சான்று. உழைக்க நேர்ந்தது உங்கள் குறைக்குச் சான்று. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

இரண்டாவது, தோழர்களின் குரல். "சிறு வெற்றிகளைக் கொண்டாடுவது, நம்மைக் காட்சிப்பொருளாக்குபவர்களுக்குத் துணைபோவது" என்கிறார்கள். ஆஸ்திரேலியச் செயற்பாட்டாளர் ஸ்டெல்லா யங் 2014இல் சிட்னியில் ஆற்றிய உரையைத் துணைக்கு அழைக்கிறார்கள். உரையை முழுதும் கேளுங்கள். ஊனமற்றோர் தம் ஆறுதலுக்காக நம்மைப் பயன்படுத்துவதையே அவர் சாடினார். கீழே விழுந்த பொருளை இடுக்கியால் எடுப்பது போன்ற உத்திகளைப் பிற மாற்றுத்திறனாளிகளிடமிருந்து கற்றதை அதே உரையில் மகிழ்ந்து சொல்கிறார். கைத்திறனில் கொள்ளும் பெருமை வேறு. பிறர் கண்ணீருக்குப் பொருளாவது வேறு.

'சிறு' என்று அளப்பது யாருடைய முழக்கோல்? விடுதியிலிருந்து துறைவரை புதிய பாதையில் தனியே நடந்து சேர்ந்த நாளை நான் குறித்துவைத்திருக்கிறேன். உங்களுக்கு அது எட்டு நிமிட நடை. எனக்கு அது நான்கு நாள் பயிற்சி, மூடியில்லாத ஒரு வடிகால், குறுக்கே நிறுத்திய இருசக்கர வண்டிகள். அளவுகோலை மாற்றுங்கள் என்று நான் கெஞ்சவில்லை. என் கோல் என்னிடம் இருக்கிறது.

ஆய்வரங்குகளில் என்னிடம் வருவோர்க்கு ஒரு வேண்டுகோள். என் நிரலில் எங்கே பிழை என்று கேளுங்கள். உயிர்ச்சூழலால் அதிர்வெண் மாறுவதை எவ்வாறு கணக்கிட்டேன் என்று கேளுங்கள். அந்தப் பேராசிரியர் அவற்றுள் ஒன்றையும் கேட்கவில்லை. நான் விடையுடன் காத்திருந்தேன்.