அழைக்க வேண்டியவர் நோயாளியே

“சாமியாரை இப்போதே கூப்பிட வேண்டாம், கண்டால் அப்பா பயந்துவிடுவார்.” நம் இல்லங்களில் நோய்ப்படுக்கையருகே அடிக்கடி ஒலிக்கும் சொற்கள் இவை. இப்படிச் சொல்லியே நாட்களைக் கடத்துகிறோம். நினைவு தப்பி, மருத்துவர் கைவிரித்த பின்னரே பங்குத்தந்தையின் இல்லத்திற்கு ஆள் ஓடுகிறது. அவர் வந்து சேரும்போது பாவசங்கீர்த்தனம் செய்ய நாவெழவில்லை. நற்கருணையை விழுங்க வலுவில்லை. ‘ஆமென்’ எனச் சொல்ல உணர்வில்லை. இதற்கு அன்பு என்று பெயரிடுகிறோம். இது அன்பன்று, நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

‘அவஸ்தைப்பூசுதல்’ என்றே நம் பாட்டன்மார் இதனை அழைத்தனர். மேலைத் திருச்சபையிலும் 12-ஆம் நூற்றாண்டு முதல் ‘இறுதிப்பூசுதல்’ என்னும் பெயர் வேரூன்றிற்று. தொடக்கத்திலோ அவ்வாறில்லை. யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்கிறார். அழைக்க வேண்டியவர் யார்? நோயாளியே! நினைவிழந்தவர் எங்ஙனம் அழைப்பார்?

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரிய அருட்சாதனம் அன்று என்று தெளிவாக்கியது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கைச் சீரமைத்தார். நெற்றியிலும் கைகளிலும் பூசும் முறை வந்தது. நோயினாலோ முதுமையினாலோ ஆபத்து தொடங்கும்போதே இதனைப் பெறலாம் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். குணமடைந்தவர் மீண்டும் கடும் நோயுற்றால் மறுபடியும் பெறலாம். அதே நோய் முற்றினாலும் பெறலாம். சட்டம் மாறிற்று, பெயரும் மாறிற்று, நம் மனம் மட்டும் மாறவில்லை.

நோயாளி அஞ்சுவார் என்பது உண்மையே. ஆனால், அந்த அச்சத்தை வளர்த்தவர் யார்? சாவு வாசலுக்கு வந்த பின்னரே குருவை அழைத்து அழைத்து, அவரைச் சாவின் தூதராக்கியவர்கள் நாமே. 1981 மே 13 அன்று சுடப்பட்ட திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுக்கு, அறுவைச் சிகிச்சைக்கு முன்னர் நோயில்பூசுதல் அளிக்கப்பட்டது. அதன்பின் அவர் ஏறத்தாழ 24 ஆண்டுகள் வாழ்ந்தார். பூசுதல் ஆயுளைக் குறைக்கும் என்போர் இதற்கு என்ன விடை பகர்வர்?

தலைவலிக்கெல்லாம் எண்ணெய் பூசுமாறு நான் வாதிடவில்லை. பூசினால் நோய் மறைந்தே தீரும் என்றும் சொல்லவில்லை. தனிமையிலும் வலியிலும் கிடப்பவருக்குத் தூய ஆவியார் தரும் திடனும், அமைதியும், பாவமன்னிப்பும், கிறிஸ்துவின் பாடுகளோடு ஒன்றிப்பும் இதன் கொடைகள். இவற்றை உணர்ந்து பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு. அதைப் பறிக்க மகனுக்கும் உரிமை இல்லை, மருமகளுக்கும் இல்லை.

குருக்களுக்கும் ஒரு சொல். 1993 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 11 உலக நோயாளர் நாளாகச் சிறப்பிக்கப்படுகிறது. அன்றேனும் இதுபற்றி மறையுரை ஆற்றுகிறோமா? குணமளிக்கும் கூட்டங்களைத் தேடி ஊர் ஊராக அலையும் நம் மக்களுக்கு, தம் பங்கிலேயே காத்திருக்கும் இந்த எண்ணெயைப் பற்றிச் சொன்னவர் எத்தனை பேர்?

இறந்தவர்க்குப் பூசுதல் இல்லை. அவருக்காகச் செபிக்கவே இயலும். சாவை நெருங்கியவர்க்குத் திருச்சபை தரும் இறுதிக் கொடையோ வழியுணவாகிய நற்கருணை. ஆகவே பெரிய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் பங்குத்தந்தைக்கும் சொல்லியனுப்புங்கள். அதற்கு முன், படுக்கையில் இருப்பவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். “ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை?” என்று அவரே உங்களைக் கேட்கக்கூடும்.