மாநகரமும் ஒரு துண்டுச்சீட்டும்

முதல்லயே சொல்லிடறேன், இது விமர்சனம் இல்லீங்க. 2017-ல வந்த படத்துக்கு இப்ப விமர்சனம் எழுதினா அடிக்க வருவீங்க :)

பி.காம் கடைசி வருஷம். சென்னையில இண்டர்வியூன்னு சொன்னதும் ஹாஸ்டல் பசங்க, "போறதுக்கு முன்னாடி இதைப் பாத்துட்டுப் போடா"ன்னு நக்கலா போட்டுக் காட்டின படம் 'மாநகரம்'. லோகேஷ் கனகராஜோட முதல் முழுநீளப் படம்.

வேலை தேடி வர்ற ஸ்ரீயை, வேற யாரோன்னு நினைச்சு ராத்திரியில அடிச்சுப் போட்டுடறாங்க. சர்டிபிகேட் எல்லாம் போச்சு. மகனோட வைத்தியத்துக்காக ஊரை விட்டு வந்து டாக்சி ஓட்டறார் சார்லி. ரவுடி ஆகற ஆசையில தப்பான பையனைக் கடத்திட்டு முழிக்கிறார் முனீஸ்காந்த். ஸ்ரீக்கும் சந்தீப் கிஷனுக்கும் படத்துல பேரே கிடையாது. பெரிய ஊர்ல புதுசா வந்தவனுக்கு ஏது பேரு?

"எல்லாரும் எல்லார்கிட்டயும் போய் மாட்டறாங்க, நிஜத்துல இப்படி நடக்குமா?"ன்னு ஒருத்தன் கேட்டான். நடக்காதுதான். ஆனா அடி விழறப்ப சுத்தி நிக்கறவங்க நகர்ந்து போறாங்க பாருங்க, அது தினமும் நடக்குது.

"மெட்ராஸ்காரனுங்களே மோசம்"னான் இன்னொருத்தன். அங்கதான் எனக்கு இடிக்குது.

எங்க மாமா நாமக்கல் லாரி டிரைவர். பாஷை தெரியாத ஊர்ல நடுராத்திரி வண்டி நின்னுபோச்சாம். ஒரு தாபாக்காரர் சாப்பாடு போட்டு, காசே வாங்கலையாம். இன்னைக்கும் அதைச் சொல்லாம அவருக்கு சோறு இறங்காது. அதே நாமக்கல் கோழிப்பண்ணைக்கு வேலைக்கு வர்ற ஒடிசா, பீகார் பசங்களை நாம எப்படி நடத்தறோம்?

போன மாசம் சேலம் புது பஸ் ஸ்டாண்டு, ராத்திரி பத்து மணி. சார்ஜ் தீர்ந்த போனோட ஒரு வடக்கத்திப் பையன், ஒரு துண்டுச்சீட்டை நீட்டி ஒவ்வொருத்தர்கிட்டயா வழி கேட்டான். நாலு பேர் கையை ஆட்டிட்டுப் போனாங்க.

அதுல ஒருத்தன் நான். பஸ் கிளம்பிடுமேன்னு எனக்கு அவசரம். ஏறி உக்காந்தப்புறம் அது கால் மணி நேரம் அங்கேயே நின்னுச்சு.

அடுத்த வாரம் விடியக்காலை கிளாம்பாக்கத்துல இறங்கறேன், ஃபைல்ல சர்டிபிகேட்டோட. வழி கேட்டா யாராவது நின்னு சொல்லணும்னு மனசு எதிர்பார்க்குது. அப்படி எதிர்பார்க்க எனக்கு என்ன தகுதி இருக்குன்னுதான் தெரியல.

நீங்க அன்னைக்கு அங்க இருந்திருந்தா நின்னிருப்பீங்களா? மனசைத் தொட்டு சொல்லுங்க.