கிருமிக்கும் உண்டு பெயர்சூட்டு விழா

வீட்டில் குழந்தை பிறந்தால், பெயர் வைப்பதற்குள் எத்தனை பேச்சு! பாட்டி ஒன்று சொல்வார். எண்கணிதம் வேறொரு எழுத்தைக் கேட்கும். கண்ணுக்கே தெரியாத பாக்டீரியாவுக்குப் பெயர் வைப்பது அதைவிடப் பெரிய பாடு, தெரியுமா?

ஜப்பானின் ஒசாகா வட்டாரத்தில் சக்காய் என்றொரு நகரம். அங்குள்ள போத்தல் மறுசுழற்சி ஆலைப் பகுதியில் மண், சேறு, கழிவுநீர் என 250 மாதிரிகளை ஆய்வாளர்கள் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் 'பெட்' பிளாஸ்டிக் துணுக்குகள். தண்ணீர் குடித்துவிட்டு நாம் வீசுகிறோமே, அதே போத்தல் பிளாஸ்டிக்தான். மாதிரிகளோடு மெல்லிய பெட் படலத்தை வைத்துப் பார்த்தபோது, ஒன்றில் நுண்ணுயிர்க் கூட்டம் படலத்தில் ஒட்டிக்கொண்டு அதை அரிக்கத் தொடங்கியது.

கூட்டம் என்றால் பலர் இருப்பார்கள். தின்பவர் யார்? பிரித்துப் பிரித்து வளர்த்ததில் ஒன்று சிக்கியது. 30 டிகிரி வெப்பத்தில், அதாவது நம் ஊர் வெயிலிலேயே, ஆறு வாரத்தில் படலத்தைக் கிட்டத்தட்ட முழுதாகத் தின்று தீர்த்தது. இரண்டு நொதிகள்தான் அதன் ஆயுதம்: ஒன்று பிளாஸ்டிக்கை வெட்டும், மற்றது வெட்டிய துண்டை இன்னும் சிறிதாக்கும்.

இது புது இனம்தானா? அங்கேதான் விசாரணை ஆரம்பம். எல்லா பாக்டீரியாவிலும் உள்ள ஒரு மரபணுவைப் படித்து, தெரிந்த இனங்களோடு ஒப்பிடுவார்கள். ஒற்றுமை சுமார் 98.7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் புது இனமாக இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். இதன் மிக நெருங்கிய உறவினரோடு ஒற்றுமை 97.7 விழுக்காடு. அதுமட்டும் போதாது. எந்த வெப்பத்தில் வளர்கிறது, உடலில் என்ன கொழுப்பு இருக்கிறது என்பது வரை பார்க்க வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. உயிருள்ள மாதிரியை இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் இருக்கும். மற்ற ஆய்வாளர்களும் வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். இந்தக் கிருமி ஜப்பானிலும், நம் அண்டை வீடான தாய்லாந்திலும் இருக்கிறது. 'நான் கண்டுபிடித்தேன், நம்புங்கள்' என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

2016இல் பெயர் சூட்டினார்கள்: ஐடியோனெல்லா சக்காயென்சிஸ். நம் தாத்தாக்கள் பெயரோடு ஊரைச் சேர்த்துக்கொண்டதுபோல, இதுவும் சக்காய்க்காரர்!

'பிளாஸ்டிக்கைத் தின்னக் கிருமி வந்தாச்சு, இனிக் கவலையில்லை' என்று உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது அனுப்பினால், ஒன்று சொல்லுங்கள். அது தின்றது ஆய்வுக்கூடத்து மென்படலம். கடையில் வாங்கும் போத்தலின் பிளாஸ்டிக் அதைவிட இறுக்கமானது. அந்த மென்படலத்துக்கே ஆறு வாரம் ஆனது. நமக்கோ ஒரு போத்தலைக் காலி செய்ய ஐந்து நிமிடம் போதும். இந்தப் பந்தயத்தில் கிருமியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.