குறிப்பேட்டில் ஒரு வரி

கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோல சிலாங்கூருக்குச் செல்லும் சாலையில் ஜெராம் உள்ளது. கடலுணவுக்குப் பெயர் பெற்ற இச்சிற்றூரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பின்னர், அவற்றில் பல செம்பனைத் தோட்டங்களாக மாறின. ரப்பர்க் காலத்தில், விடியுமுன்பே பெரட்டுக் களத்தில் பெயர் வாசிக்கப்படும். யார் வந்தார், யார் வரவில்லை, எந்த நிரை, எவ்வளவு பால் என்பதெல்லாம் கிராணியின் கணக்கேட்டில் அன்றன்றே ஏறிவிடும். ஒரு ராத்தல் பாலுக்கும் அங்கே கணக்கு இருந்தது. ஆனால், தோட்டப்புறங்களில் பிறந்த பிள்ளைகள் சிலரின் பிறப்பு மட்டும் எந்த ஏட்டிலும் ஏறாமல் போனது.

தீபகற்ப மலேசியாவில் பிறக்கும் குழந்தையை 60 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இதைத் தவறவிட்டோர் எல்லாரும் அக்கறையற்றவர்கள் என்று எண்ணுவது தவறு. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. தாயிடமே அடையாள அட்டை இல்லாத வீடுகளும் உண்டு. திருமணப் பதிவு மற்றொரு சிக்கல். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். பதிவில்லாத மணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை, தாயின் நிலையைப் பொறுத்தே அமையும். தாயிடம் ஆவணம் இல்லையென்றால், தந்தை நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பிள்ளை தவித்து நிற்க நேரிடும்.

இத்தகையோரின் சிக்கலைத் தீர்க்க, 2011இல் அரசாங்கம் இந்தியச் சமூகத்தினருக்காக 'மைடப்தார்' என்னும் இயக்கத்தை நடத்தியது. அரசு சாரா அமைப்புகளும் வீடு வீடாகச் சென்று உதவி வருகின்றன. இவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும், அந்த உழைப்பு பலன் தருவதும் வீணாவதும் பெரும்பாலும் குறிப்பேட்டைப் பொறுத்தது.

ஜெராம் வட்டாரத் தோட்டம் ஒன்றில், பாட்டியின் பராமரிப்பில் வளரும் பதினைந்து வயதுப் பையனைக் கற்பனை செய்து பார்க்கலாம். அவனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. முதலில் வந்த சமூகப் பணியாளர் பரிவோடு இரண்டு மணி நேரம் கேட்டார், நம்பிக்கை கூறினார், பிறகு வேறு ஊருக்கு மாறிப் போனார். அடுத்து வந்தவரின் கையில் கிடைத்த கோப்பில், "குடும்பம் வறுமையில் உள்ளது, உதவி தேவை" என்ற வரி மட்டுமே இருந்தது. அவர் தொடக்கத்திலிருந்து கேட்டார். மூன்றாவதாக வந்தவரும் அப்படியே கேட்டார். அதற்குள் நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. பேறு பார்த்த மருத்துவச்சியின் முழுப் பெயர் பாட்டியின் நினைவிலிருந்து நழுவிவிட்டது. சாட்சி சொல்லியிருக்கக்கூடிய பக்கத்து வீட்டு முதியவரும் காலமாகிவிட்டார். முதல் நாளிலேயே அந்த இரண்டு பெயர்களையும் எழுதி வைத்திருந்தால், பையனின் நிலை வேறாக இருந்திருக்கும். பணியாளர் மூவரும் நல்லவர்களே. கெட்டது நினைவை நம்பிய பழக்கம்தான்.

தாமதமாகப் பிறப்பைப் பதிவு செய்ய வருவோரிடம் தேசியப் பதிவிலாகா சான்று கேட்கும். கிளினிக் அட்டை, தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, பெற்றோரின் பத்திரங்கள், பிறப்பை அறிந்தவரின் சாட்சி என ஒவ்வொன்றையும் தேடித் திரட்ட வேண்டும். எதைக் கண்ணால் பார்த்தோம், எதைப் பிறர் சொல்லக் கேட்டோம், எந்த முகப்பில் யாரைச் சந்தித்தோம், என்ன பதில் கிடைத்தது, அடுத்த தவணை எந்நாள் என்பன தேதியோடு எழுதப்பட்டால்தான் அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். மேரி ரிச்மண்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1917இல் வெளியிட்ட நூலில், ஒரு குடும்பத்தின் நிலையைச் சான்றுகளைக் கொண்டே ஆராய வேண்டும் என்பதை விரிவாக விளக்கினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இது இன்னும் சொல்லித் தெரியவேண்டிய செய்தியாகவே இருக்கிறது.

"எழுதிக்கொண்டிருந்தால் மக்களைக் கவனிப்பது எப்போது?" என்று சிலர் கேட்பர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஒரே செய்தியை ஐந்து பாரங்களில் நிரப்பச் சொல்வது வேண்டாத சுமைதான். ஆனால், தேவையான குறிப்புக்குப் பத்து நிமிடம் போதும். அதைச் சேமிக்கப்போய், ஒரு மூதாட்டியைத் தம் குடும்பத்தின் துயரக் கதையை மூன்று முறை சொல்ல வைப்பது எவ்வகைக் கவனிப்பு?

எதை எழுதுவது என்பதிலும் எச்சரிக்கை தேவை. "தந்தை பொறுப்பற்றவர்" என்பது எழுதியவரின் தீர்ப்பு. "மூன்று முறை சென்றும் தந்தை வீட்டில் இல்லை, இரவு வேலை என்று தாய் கூறினார்" என்பது செய்தி. தீர்ப்பு கோப்பில் பல்லாண்டுகள் தங்கிவிடும்; அதைப் படிக்கும் ஒவ்வோர் அதிகாரியும் அந்தத் தந்தையைப் பார்க்காமலே வெறுப்பார். குடும்பத்தின் அந்தரங்கம் அடங்கிய கோப்பை எவரும் புரட்டும்படி மேசையில் விட்டுச் செல்வதும் அதே அளவு பெருங்குற்றம்.

ஏடுகள் அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து சான்றாகும். கரீபியத் தீவுகளிலிருந்து அங்குக் குடியேறியவர்களின் பழைய வருகை அட்டைகள் 2010இல் அழிக்கப்பட்டன. பிறகு, பல்லாண்டுகள் அங்கேயே உழைத்து வாழ்ந்தவர்கள் சிலர் தங்கள் உரிமையை நிரூபிக்க முடியாமல் வேலையும் வீடும் இழந்தனர். சிலர் நாடு கடத்தவும் பட்டனர். 2018இல் இது வெளிச்சத்துக்கு வந்தபோது அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது.

அலுவலகக் கோப்பும் தொலையலாம். ஆதலால், குறிப்பின் நகல் ஒன்றைக் குடும்பத்திடமே கொடுத்துவிடுவது நல்லது. பாட்டிமார் ரேசன் அட்டை, பழைய சம்பளச் சீட்டு, பேரப்பிள்ளையின் ஊசி அட்டை என எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தி வைப்பவர்கள். மருத்துவச்சியின் பெயரும் பார்த்த தேதியும் கொண்ட ஒரு தாளுக்கு அந்த டின்னில் எப்போதும் இடம் இருக்கும்.