முதுமைக்கும் சொந்தத் தெரு வேண்டும்

ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் காலை வேளையில் முதியவர்கள் பலரைக் காணலாம். கோயிலுக்குப் பூ வாங்குபவர், உணவுக்கடையில் தேநீர் அருந்தியபடி நாளிதழ் படிப்பவர், அண்டை வீட்டாரோடு பேசி நிற்பவர் என ஒவ்வொருவருக்கும் அத்தெருவோடு நெடுநாள் உறவு உண்டு. வயது ஏறிய காரணத்தால் அந்த உறவு அறுபடக்கூடாது. முதியவர்கள் தங்கள் வட்டாரத்திலேயே சுதந்திரமாக வாழவும், தேவையான உதவியை அருகிலேயே பெறவும் வழிசெய்யும் குடியிருப்புகள் பினாங்கிற்குத் தேவை.

2030ஆம் ஆண்டில் மலேசிய மக்கள்தொகையில் 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்களாக இருப்பர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. பிறப்பு விகிதம் குறைந்த மாநிலங்களுள் பினாங்கும் ஒன்று. பிள்ளைகள் பலர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிகின்றனர். இந்நிலையில், பழைய கடைவீட்டின் மாடியில் ஒரு மூதாட்டி தனியாக வாழ்வதாகக் கொள்வோம். படிக்கட்டோ செங்குத்தானது, குளியலறையோ வீட்டின் பின்கோடியில் உள்ளது. இரவில் வழுக்கி விழுந்தால் விடியும்வரை எவருக்கும் தெரியாது. அவருக்கு முதியோர் இல்லமும் பொருந்தாது. அரசின் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் ஆதரவற்ற வறியவர்களுக்கானவை. தனியார் பராமரிப்பு இல்லங்களோ பெரும்பாலும் பிறர் துணையின்றி இயங்க முடியாதவர்களுக்கானவை. தாமே சமைத்து, தாமே கடைக்குச் சென்று வரும் முதியவருக்கு வேண்டியது பாதுகாப்பான ஒரு வீடும் சிறிதளவு துணையுமே.

வீட்டை இழப்பவர் அக்கம்பக்கத்தையும் இழக்கிறார் என்பதை ஜார்ஜ்டவுன் முன்பே கண்டிருக்கிறது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையைக் குறைவாக வைத்திருந்தது. 1997இல் அதனை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டு, 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. உயர்ந்த வாடகையைக் கட்ட இயலாமல், பல்லாண்டுகள் அங்கு வாழ்ந்த முதியவர்கள் பலர் நகரைவிட்டு வெளியேறினர். அவர்களுக்குப் புதிய இடத்தில் கூரை கிடைத்திருக்கலாம். நாற்பது ஆண்டுப் பழக்கம் கிடைத்திருக்குமா?

சிங்கப்பூர் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அங்கு 2018இல் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்ட ‘கம்போங் அட்மிரல்டி’யில் மூத்தோருக்கான சிறு வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி, குழந்தைப் பராமரிப்பு நிலையம் ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகவும் வாழலாம். கீழே இறங்கினால் துணைக்கு ஆளும் உண்டு.

ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. எனவே, அங்கு உயர்ந்த அடுக்குமாடிகளைக் கட்ட இயலாது. ஆனால், இருக்கும் கடைவீடுகளைச் சீரமைக்கலாம். கீழ்த்தளத்தில் படுக்கையறை, வழுக்காத தரை, கைப்பிடி பொருத்திய குளியலறை, அவசர அழைப்பு மணி, நாள்தோறும் நலம் விசாரிக்கும் பணியாளர் ஆகியவையே அடிப்படைத் தேவைகள். இந்நகரின் கோயில்கள், பள்ளிவாசல்கள், சீனர் குலச்சங்கங்கள் முதலியவற்றின் அறக்கட்டளைகளுக்குச் சொந்தமாகப் பல வீடுகள் உள்ளன. அவை சில வீடுகளை ஒதுக்க, மாநில அரசு சீரமைப்புச் செலவில் பங்கேற்றால் இத்திட்டம் கைகூடும்.

“பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமையன்றோ?” எனச் சிலர் வினவலாம். கடமைதான். ஆனால், தொலைவில் வாழும் பிள்ளையால் நள்ளிரவு அழைப்பு மணிக்கு ஓடிவர முடியாது. அருகில் துணை இருக்கிறது என்ற நிம்மதி, பிள்ளையின் அன்பைக் குறைத்துவிடாது. செலவு மிகும் என்ற வாதமும் உண்டு. எனினும், ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்கு ஆகும் மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால், ஒரு கைப்பிடியின் விலை மிகச் சிறிது.

இந்நகரை உழைத்து உருவாக்கிய தலைமுறைக்குத் தேவைப்படுவது இரக்கம் அன்று. தங்கள் தெருவிலேயே தலைநிமிர்ந்து வாழும் உரிமை. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நகரம், அவற்றில் வாழ்ந்த மனிதர்களையும் பாதுகாக்க வேண்டும்.